ஒன்பதாம் வீட்டுக் கதவு

முதல் நாளே சொல்லிவிட்டார்கள்:
பதினோரு குடும்பம், பதினோரு வீடு.
கடைசி வீட்டின் கடைசி ஆணி இறங்கும்வரை
ஒருவருக்கும் சாவி இல்லை.
எது யாருடையது என்பதும்
அன்றைக்குத்தான், சீட்டுக் குலுக்கி.

முன்பணம் இல்லாதவர்களிடம்
வாரம் முப்பது மணி நேரத்தை
முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள்.
மேஸ்திரி ஹாஸ்கெட்டிடம் ஒரு நீல நோட்டு.
மழை பெய்தால் கணக்கில்லை.
காய்ச்சல் வந்தாலும் கணக்கில்லை.
மச்சினனை அனுப்பினால் பாதிக் கணக்கு.

வாட்சன்வில்லில் அப்போது நாங்கள் இருந்தது
ஒரு கார் ஷெட்டில்.
கார் போய்விட்டது, பெட்ரோல் வாசனை போகவில்லை.
ஐந்து பேர். மாதம் ஆயிரத்து எண்ணூறு டாலர்.
முன்பக்கம் முழுக்க ஒரே கதவு,
தூக்கினால் தெருவே எங்கள் படுக்கையைப் பார்க்கும்.
தூக்கியதில்லை.
நான் பறித்த ஸ்ட்ராபெர்ரிகள்
பெயர் தெரியாத ஊர்களுக்குப் போய்
குளிர்பெட்டியில் தனித்தனி அறை எடுத்துத் தங்கின.

கிரெசென்சியோவுக்கு இரவு வேலை,
பட்டாணியை உறையவைக்கும் ஆலையில்.
விடிந்ததும் நேராக மனைக்கு வருவான்,
விரல் மரத்திருக்கும்.
சுத்தியல் பிடித்த பத்தாவது நிமிடம்
விரலுக்கு உயிர் வந்து வலிக்கும்.
வலித்தால் சரி என்பான்.

எங்கள் வீடு எதுவென்று தெரியாததால்
பதினொன்றையும் எங்களுடையதாக நினைத்துக் கட்டினோம்
என்று எழுத ஆசைதான்.
அப்படி இல்லை.
ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலரை மணி,
ஆறு நாள் வயலில் குனிந்த முதுகு,
ஒன்பதாம் வீட்டுப் பின்கதவின் நிலையை நான்தான் வைத்தேன்.
ரசமட்டத்தின் குமிழ்
நடுக்கோட்டுக்கு வரவில்லை,
ஒரு நெல்லளவு தள்ளியே நின்றது.
பார்த்தேன்.
சுற்றிலும் யாரும் பார்க்கவில்லை என்பதையும் பார்த்தேன்.
ஆணியை அடித்தேன்.

பதினாறு மாதம்.
பத்திரத்தில் ஒரு வரி இருந்தது:
விற்கும் நாளில் இந்த விலைக்கு மேல் விற்கக் கூடாது,
உங்களைப் போல் இன்னொருவர் வாங்க வேண்டுமே.
புரிகிறதா என்றாள் கடன் அதிகாரி.
கிரெசென்சியோவின் பேனா கொஞ்ச நேரம்
காகிதத்தைத் தொடாமல் நின்றது.
எதிர்ச்சாரியில் இதே அளவு வீடு எட்டு லட்சம்.
அவன் மனதில் ஓடிய கணக்கு
என் மனதிலும் ஓடியது, பொய் சொல்வானேன்.
பிறகு போட்டான்.
அவன் பெயரில் எத்தனை எழுத்து என்று
அன்றுதான் எண்ணினேன்.

ஹாஸ்கெட்டின் தொப்பிக்குள் சீட்டுகள்.
எங்களுக்கு நான்கு.
ஒன்பது, ரொடேலியோ குடும்பத்துக்கு.
பஸ் டிப்போ மெக்கானிக்,
மனைவி லுவால்ஹாட்டி மான்ட்டரேயில் ஓட்டல் அறை பெருக்குகிறாள்.
அவள் தன் சீட்டை முத்தமிட்டபோது
நான் வேறு பக்கம் திரும்பிக் கைதட்டினேன்.

குடிபுகுந்த மூன்றாம் நாள்
இழைப்புளியைத் துணியில் சுற்றிக்கொண்டு போனேன்.
அவர்கள் பையன் பின்கதவைத்
தோளால் முட்டித் திறந்துகொண்டிருந்தான்,
அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கியிருந்தான்.
நான் வைத்த நிலை, என்றேன்.
கோணல் என்று தெரிந்தே வைத்தேன்.

லுவால்ஹாட்டி இழைப்புளியைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
பிறகு கேட்டாள்:
உன் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தாயா?
வெந்நீர் எந்தப் பக்கம் வருகிறது?

கதவை இழைத்தோம்.
மரச்சுருள்களை மீசையாக ஒட்டிக்கொண்டு
பையன் தெருவில் ஓடினான்.
முட்டித் திறக்கும் விளையாட்டு போன கோபம்
அவனுக்கு ஒரு வாரம் இருந்தது.

குழாயை மாற்றித் தர ரொடேலியோ இரண்டு முறை வந்தான்.
இரண்டு முறையும் காபி கொடுத்து அனுப்பினோம்.
கடன் தீர இன்னும் முப்பத்திரண்டு வருடம்,
அதற்குள் பார்த்துக்கொள்ளலாம்.
எங்களுக்குக் கை பழகிவிட்டது.
விருந்தாளிகள்தான்
குளிர்ந்த நீர் என்று நம்பி நீட்டி
வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறார்கள்.